கடலரிப்பு, கடல்வெள்ளம், இடம் மாறும் கரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரையோரம் குடியிருப்பவர்களும், அங்கே நிலம் வாங்க நினைப்பவர்களும், கரையைக் காக்கும் திட்டங்களுக்குக் கையெழுத்திட வேண்டியவர்களும் கடலரிப்பைப் பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால் இருக்கின்றன. சிக்கலானவை பின்னால் வருகின்றன.

1. கடலரிப்பு என்றால் கடல் நிலத்தைக் கரைத்துவிடுகிறது என்றுதானே பொருள்?

களிமண் மேடுகள் செங்குத்தாக நிற்கும் கரையில் ஓரளவு அப்படித்தான். இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள ஹோல்டர்னஸ் கரை, பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண்ணால் ஆனது. அது ஆண்டுக்குச் சராசரியாக 2 மீட்டர் அளவில் இடிந்து விழுகிறது. ரோமர் காலத்திலிருந்து ஏறத்தாழ முப்பது ஊர்கள் அங்கே கடலுக்குள் போயிருக்கின்றன. அப்படி விழுந்த மேடு மீண்டும் எழுவதில்லை.

மணற்கரையின் கதை வேறு. மணல் கரைவதில்லை, இடம் மாறுகிறது. ஆகவே அத்தகைய கரையை ஒரு குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கைப் போலப் பார்ப்பதே பொருத்தம். ஆறுகள் கொண்டுவரும் மணல், இடியும் மேடுகளின் மண், உடைந்த சிப்பியும் பவளமும், கடலடியிலிருந்து அலை தள்ளிவருவது ஆகியவை வரவு. நீரோட்டம் பக்கவாட்டில் கொண்டுபோவது, ஆழ்கடலுக்குச் சரிந்துவிடுவது, காற்று உள்ளே அள்ளிச்செல்வது, மனிதர் லாரியில் ஏற்றிச்செல்வது ஆகியவை செலவு. செலவு மிஞ்சினால் கரை பின்வாங்கும். கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்த மணல் கணக்குக்கே திரும்பும்.

2. போன பருவத்தில் அலை வந்து மணலை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது, இப்போது பாதி திரும்பிவிட்டது. இது அரிப்பா, இல்லையா?

இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. சீற்றமான காலத்தில் உயர்ந்த அலைகள் கரையின் மணலை உரித்துச் சற்றுத் தள்ளிக் கடலடியில் திட்டாகக் குவிக்கின்றன. அந்தத் திட்டே அடுத்து வரும் அலைகளைக் கரைக்கு முன்னதாகவே உடைத்து வலுவிழக்கச் செய்கிறது. கடல் அமைதியானதும் நீண்டு தாழ்ந்த அலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகின்றன. கரை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறை இது. திட்டில் கிடக்கும் மணல் சேமிப்பில் இருக்கும் பணம் போன்றது, தொலைந்த பணம் அன்று.

நிலையான அரிப்பை அறிய வேண்டுமானால், ஒரே பருவத்தில் எடுத்த அளவீடுகளைப் பத்து, இருபது ஆண்டு இடைவெளியில் ஒப்பிட வேண்டும். புயலுக்கு மறுநாள் எடுத்த ஒரு புகைப்படத்தையும் கோடையில் எடுத்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்து முடிவு சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

3. அப்படியானால் உலகத்தில் எல்லாக் கடற்கரைகளும் அழிந்துகொண்டா இருக்கின்றன?

இல்லை. 1984 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, உலகின் மணற்கரைகளில் 24 விழுக்காடு ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் அரிக்கப்படுகிறது, 28 விழுக்காடு வளர்கிறது, 48 விழுக்காடு ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. வளர்ந்த கரைகளில் ஒரு பகுதி மனிதர் கடலைத் தூர்த்து உருவாக்கியது என்பதையும் மறக்கக்கூடாது. எப்படியானாலும் உலகச் சராசரி எந்தத் தனி ஊருக்கும் ஆறுதலோ அச்சமோ தர முடியாது. ஒவ்வொரு கரைக்கும் அதன் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

4. மணல் பக்கவாட்டில் நகர்கிறது என்கிறீர்கள். அலை நேராகத்தானே கரைக்கு வருகிறது?

பெரும்பாலும் சற்றுச் சாய்ந்துதான் வருகிறது. சாய்ந்து ஏறும் அலை மணலைச் சாய்வாக மேலே தள்ளும். திரும்பும் நீர் சரிவில் நேராக இறங்கும். இப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒவ்வொரு மணல்துகளும் கரையோரமாகவே நடந்துபோகிறது. காற்றும் அலையும் திசை மாறும் பருவங்களில் இந்த நடையும் திசை மாறும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் பெரும்பாலான கரைகளில் ஒரு திசை மிஞ்சும். திறந்த கடலை நோக்கிய கரைகளில் ஒரே இடத்தை ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் கடந்துசெல்வது வழக்கமானது. கரை அசையாமல் இருப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம், போவதும் வருவதும் சமமாக இருப்பதே.

5. துறைமுகம் கட்டியது ஓர் ஊரில், கரை போவது இன்னோர் ஊரில். இது எப்படி?

அந்த மணல் ஊர்வலத்தின் குறுக்கே கடலுக்குள் கல்லாலான கரம் நீட்டினால், மணல் வந்த பக்கத்தில் தேங்கும். போக வேண்டிய பக்கத்துக்கு வரவு நின்றுவிடும். சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் எழுந்தபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. நைஜீரியாவின் லேகோசில் 1908-க்கும் 1912-க்கும் இடையே துறைமுக வாயிலில் அலைதடுப்புக் கரங்கள் கட்டப்பட்டன. கிழக்கே இருந்த கடற்கரை பல பத்தாண்டுகள் தேய்ந்துகொண்டே போனது. இரு இடங்களிலும் நடந்தது ஒன்றே.

தீர்வு இல்லாமல் இல்லை. தேங்கிய மணலைக் குழாய் வழியாக மறுபக்கத்துக்குக் கடத்திவிடலாம். ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் நிலையான இறைப்பு அமைப்பு இதைத்தான் செய்கிறது. துறைமுகத்துக்கு ஒப்புதல் கேட்கும்போதே இந்தக் கடத்தலுக்கான நிரந்தரச் செலவையும் அதன் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. சேர்க்காவிட்டால் அந்தச் செலவை அடுத்த ஊர் தன் வீடுகளால் கட்டுகிறது.

6. அணை எங்கோ மலையில் இருக்கிறது. அதற்கும் கடற்கரைக்கும் என்ன தொடர்பு?

வரவின் ஊற்றே அங்கேதான். ஆறு சுமந்துவரும் மணலும் வண்டலும் அணைக்குப் பின்னால் படிந்துவிட்டால் கழிமுகத்துக்குத் தண்ணீர் மட்டும் வந்து சேரும். எகிப்தில் அஸ்வான் பேரணை 1970-ல் முடிந்தபின் நைலின் வண்டல் ஏறத்தாழ முழுவதும் நீர்த்தேக்கத்தில் தங்கியது. நைல் கடலில் கலக்கும் ரொசெட்டா முனையில் கடல் விரைவாக உள்ளே புகுந்தது. அமெரிக்காவின் லூயிசியானாவில் மிசிசிப்பியின் வண்டல் குறைந்ததோடு, வெள்ளத்தைத் தடுக்க ஆற்றோரம் எழுப்பிய கரைகளும், கால்வாய் வெட்டுகளும், நிலம் தானாகத் தாழ்வதும் சேர்ந்து, 1932-க்குப் பின் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் கடலோர நிலம் மறைந்தது.

அணையைவிட வேகமாகக் கரையைக் கெடுப்பது நேரடியாக மணல் அள்ளுவது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஹால்சாண்ட்ஸ் என்ற சிறு மீனவர் ஊர் இருந்தது. பிளிமத் கப்பல்தளத்தை விரிவாக்க, 1897 முதல் அவ்வூருக்கு எதிரே கடலடியிலிருந்து கூழாங்கல்லும் மணலும் அள்ளப்பட்டன. அள்ளிய பள்ளத்தைக் கடல் தானே நிரப்பிவிடும் என்று அள்ளியவர்கள் நம்பினார்கள். நிரம்பியது உண்மை, ஆனால் ஊரின் முன் இருந்த கரையிலிருந்து இறங்கிய கல்லால் நிரம்பியது. ஊர்மக்கள் முறையிட்டு 1902-ல் உரிமம் நீக்கப்படுவதற்குள் சுமார் 6.5 லட்சம் டன் போய்விட்டது. 1917 ஜனவரிப் புயலில் ஊரே இடிந்தது. குடியிருக்கத் தக்கதாக மிஞ்சியது ஒரே ஒரு வீடு. அள்ளுவதை நிறுத்திப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த அழிவு இது. விளைவு உடனே தெரியவில்லை என்பதால் காரணம் இல்லை என்று வாதிடுபவர்களுக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டும் இதுவே.

7. கடல் மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் உயர்கிறது. அதற்கா இத்தனை கவலை?

1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல் மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழு 2021-ல் அறிவித்தது. வேகமும் கூடியிருக்கிறது: 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்தது, 2006-க்கும் 2018-க்கும் இடையே 3.7 மில்லிமீட்டர் ஆனது. கடற்கரை செங்குத்துச் சுவராக இருந்தால் இது சிறிய எண்தான். மென்சரிவான மணற்கரையில் உயரத்தின் சிறு மாற்றமும் கிடைமட்டத்தில் பெரிதாகிறது. கடற்கரைப் பொறியாளர் பெர் புரூன் 1962-ல் முன்வைத்த விதியின்படி, கடல் உயரும் அளவைப் போல் 50 முதல் 100 மடங்கு தூரம் கரை பின்வாங்கும். பக்கவாட்டு மணல் நகர்வை அந்த விதி கணக்கில் கொள்ளாததால் அதை ஒரு தனி ஊருக்கு அப்படியே பொருத்துவதைப் பல ஆய்வாளர்கள் கண்டிக்கிறார்கள்; அளவின் தன்மையை உணர்த்த மட்டும் அது பயன்படும்.

இன்னொரு விளைவு வெள்ளத்தின் அடுக்கடுக்கான வருகை. கடல் மட்டமே உயர்ந்துவிட்டால், முன்பு பெரும்புயல் மட்டுமே எட்டிய கோட்டைச் சாதாரணப் புயலும் எட்டும். முன்பு நூறு ஆண்டுக்கு ஒருமுறை வந்த உச்சநீர், கடல் மட்டத்தை அளக்கும் நிலையங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 2100-க்குள் ஆண்டுதோறும் வரக்கூடும் என்று அதே குழு கணிக்கிறது.

8. உயர்வது கடலா, தாழ்வது நிலமா?

இரண்டும் இருக்கலாம், கரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள போத்னியா வளைகுடாவில், பனியுகத்துப் பனிக்கட்டியின் பாரம் நீங்கியதால் நிலம் இன்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் எழுகிறது. அங்கே கடல் பின்வாங்குகிறது. ஜகார்த்தாவில் அதற்கு நேர்மாறாக, நிலத்தடி நீரை உறிஞ்சியதால் நகரின் வடபகுதி கடல் உயர்வதைவிடப் பல மடங்கு வேகமாகத் தாழ்ந்தது. டோக்கியோவின் தாழ்பகுதிகளில் சில இடங்கள் 20ஆம் நூற்றாண்டில் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தன. நிலத்தடி நீர் எடுப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியதும் அது பெரும்பாலும் நின்றது. கடல் உயர்வதைத் தடுக்க உலகமே கூட வேண்டும்; நிலம் தாழ்வதைத் தடுக்க ஒரு நகரம் மனம் வைத்தால் போதும்.

9. புயல் எச்சரிக்கையில் காற்றின் வேகத்தைத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காற்றின் வேகம் தண்ணீரின் உயரத்தைச் சொல்லாது. புயலின் நடுவே காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் கடல் மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். அது சிறு பங்கு. பெரும் பங்கு, காற்று நீரைக் கரை நோக்கித் தள்ளிக் குவிப்பதால் வருகிறது. கடல் ஆழம் குறைவாகவும் அகலமாகவும் இருந்து, கரை புனல்போல் குறுகினால் நீர் ஏறும் உயரம் பன்மடங்காகும். வங்காள விரிகுடாவின் வடமுனை அப்படிப்பட்டது. 1970 நவம்பரில் அங்கே தாக்கிய போலாப் புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்ததாகக் கணிக்கப்படுகிறது, பெரும்பாலோர் நீரால். ஓதம் (கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது) ஏறும் நேரத்தில் புயல் கரையைத் தொட்டால் இன்னும் மோசம்.

2013-ல் பிலிப்பைன்சின் டாக்லோபான் நகரில் ஹையான் புயலுக்கு முன் எச்சரிக்கை முறையாகவே வந்தது. அதில் இருந்த தொழில்நுட்பச் சொல் பலருக்குப் புரியவில்லை. சுனாமி போல் நீர் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஆகவே எச்சரிக்கை கேட்டதும், “என் வீட்டு வாசலில் எத்தனை அடி நீர் நிற்கும்?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டு விடை பெறுங்கள். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் சற்று அதிக எடை உள்ளது. முழங்கால் அளவு ஓடும் நீரே ஆளைச் சாய்த்துவிடும்.

10. புயலும் இல்லை, மழையும் இல்லை. வெயிலடிக்கிற நாளில் கடல் ஏன் ஊருக்குள் வருகிறது?

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓதம், குறிப்பாக நிலா பூமிக்கு அருகே இருக்கும் நாட்களில். மற்றொன்று, பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் எழுந்த புயலின் நீண்ட அலைகள் சில நாட்கள் கழித்து வந்து சேர்வது. தென் இந்தியப் பெருங்கடலில் எழும் இத்தகைய அலைகளைக் கேரளத்தில் ‘கள்ளக்கடல்’ என்பார்கள். சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2012-ல் யுனெஸ்கோ அச்சொல்லை அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது.

11. கல்லைக் கொட்டிச் சுவர் கட்டினால் முடிந்துவிடுமே?

சுவர் தனக்குப் பின்னால் இருப்பதைக் காக்கும். தனக்கு முன்னால் இருப்பதைக் காக்காது. இது ஒன்றைப் புரிந்துகொண்டால் இந்த விவாதத்தில் பாதி தீர்ந்துவிடும். அலையின் வலு மணலில் படிப்படியாகச் செலவாகும். சுவரில் மோதினால் திரும்பித் தெறித்து, சுவரின் அடியைத் தோண்டும். மேலும் கடல் உள்ளே நகரும்போது கரையும் உள்ளே நகர்ந்தால்தான் மணல் அகலம் நிலைக்கும்; சுவர் அந்த நகர்வைத் தடுப்பதால் மணல் ஒடுங்கி, ஒரு நாள் நீர் நேராகச் சுவரில் நிற்கும். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இடம் போன பிறகுதான் பலருக்கு இது புரிகிறது. சுவரின் இரு முனைகளிலும் அலை வளைந்து தாக்குவதால் அங்கே அரிப்பு கூடும். உடனே சுவரை நீட்டக் கோரிக்கை வரும். நீட்டிய முனையில் அதே கதை தொடரும்.

அதற்காகச் சுவரே கூடாது என்று சொல்ல மாட்டேன். இடம்பெயர்க்க முடியாத நகரத்துக்கும், மருத்துவமனைக்கும், ஒரே சாலைக்கும் அது தேவைப்படலாம். கடற்கரையையே பெரும் செல்வமாகக் கருதும் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், திறந்த கடலோரத்தில் புதிய சுவர்களுக்கு 1985 முதல் தடை விதித்திருக்கிறது. எதைக் காக்கிறோம், எதை இழக்கச் சம்மதிக்கிறோம் என்பதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கட்டினால் அது நேர்மையான முடிவு.

12. தூண்டில் வளைவு போட்ட ஊரில் மணல் சேர்ந்திருக்கிறது. எங்களுக்கும் அதையே போடலாமே?

தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்தடுப்பு. அது மணலைப் படைப்பதில்லை, பிடித்துவைக்கிறது. 5ஆம் பதிலில் துறைமுகம் செய்ததைச் சிறிய அளவில் இதுவும் செய்கிறது. அந்த ஊரில் சேர்ந்த மணல் உங்களுக்கு வந்திருக்க வேண்டியதாகக்கூட இருக்கலாம்; நீங்களும் போட்டால் உங்களுக்கு அடுத்த ஊர் அதே கோரிக்கையோடு வரும். வளைவுகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளை முதலிலேயே வெளி மணலால் நிரப்பிவிட்டால் பாதிப்புக் குறையும். ஒரே மணல் ஓட்டத்தில் இருக்கும் ஊர்கள் அனைத்தையும் ஒரு கணக்காக எடுத்துத் திட்டமிடாத எந்தத் தூண்டில் வளைவையும் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

13. மணலைக் கொண்டுவந்து கடற்கரையில் கொட்டுவது பணத்தைக் கடலில் கொட்டுவதுதானே?

கொட்டிய மணல் போய்விடும் என்பது உண்மை, போவதற்காகத்தான் கொட்டப்படுகிறது. வரவு குறைந்த கணக்கில் வெளியிலிருந்து வரவு வைப்பது இது. நெதர்லாந்து 1990 முதல் தன் கரைக்கோட்டை மணல் நிரப்பியே நிலைநிறுத்துகிறது. 2001-க்குப் பின் இதற்கு ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி கன மீட்டர் செலவிடப்பட்டது. 2011-ல் ஹேக் நகருக்கு அருகே 2.15 கோடி கன மீட்டரை ஒரே இடத்தில் தீபகற்பம்போல் குவித்து, அலையும் காற்றுமே அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டார்கள். ‘மணல் இயந்திரம்’ என்பது அதன் பெயர்.

நிபந்தனைகள் இருக்கின்றன. மணலின் பருமன் அக்கரையின் மணலோடு ஒத்திருக்க வேண்டும். நுண்மணல் விரைவில் ஓடிவிடும். கரைக்கு மிக அருகே கடலடியில் அள்ளினால் ஹால்சாண்ட்ஸ் கதைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற பராமரிப்பு வேலை. ஒருமுறை திறப்புவிழா நடத்திவிட்டு மறந்துவிடும் இடத்தில் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

14. சுவரும் வேண்டாம், மணலும் வேண்டாம், மரம் நட்டால் போதாதா?

இடம் பொருந்தினால் பெரிதும் உதவும். 100 மீட்டர் அகல அலையாத்திக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் புயல் தள்ளிவரும் நீர்மட்டத்தை அது ஒரு கிலோமீட்டருக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர் வரைதான் குறைக்கிறது. எனவே சிறு தோப்பை நம்பி வெளியேறாமல் இருந்துவிடக்கூடாது. மேலும் அலையாத்தி சேற்றில், அலை அடங்கிய இடத்தில் வளர்வது. திறந்த மணற்கரையில் நட்ட கன்றுகள் பிழைப்பதில்லை. அங்கே வேண்டியது அடம்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்துவைக்கும் மணல்மேடு. அதைச் சமன்படுத்தாமல் விட்டாலே போதும். பவளத்திட்டு இருக்கும் கரையில் அதுவே முதல் அரண்: சராசரியாக அலையாற்றலில் 97 விழுக்காட்டை அது உறிஞ்சிவிடுகிறது.

15. நெதர்லாந்து கடல் மட்டத்துக்குக் கீழேயே வாழ்கிறது. மற்றவர்களால் ஏன் முடியாது?

அந்த நாடும் விலை கொடுத்துத்தான் கற்றது. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் புயலில் அங்கே 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எழுந்த டெல்டா திட்டத்தின் பெரும் தடுப்புகள் 1997 வரை கட்டப்பட்டன. அவற்றில் ஈஸ்டர்ஸ்கெல்ட் தடுப்பை முழு அணையாகக் கட்டாமல், வழக்கமாகத் திறந்தும் புயலில் மட்டும் மூடியும் இருக்குமாறு அமைத்தார்கள். மூடிய அணை அங்குள்ள சிப்பி வளர்ப்பையும் உயிர்ச்சூழலையும் கெடுக்கும் என்று மக்கள் போராடியதன் பயன் அது.

நிலத்தின் தன்மையும் ஒத்துழைக்க வேண்டும். மயாமி நகரின் அடியில் இருப்பது துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. எவ்வளவு உயரச் சுவர் எழுப்பினாலும் கடல்நீர் தரைக்கு அடியிலிருந்தே ஊறி வரும். கதவு கொண்ட தடுப்புகளுக்கு வேறொரு சிக்கல்: கடல் உயர உயர அடிக்கடி மூட வேண்டும், மூடியிருக்கும்போது ஆற்றுவெள்ளம் வெளியேற வழியில்லை. லண்டனின் தேம்ஸ் தடுப்பு 2013–14 குளிர்காலத்தில் மட்டும் 50 முறை மூடப்பட்டது.

16. கரையை விட்டுப் பின்னால் நகர்வது தோற்றுப்போவதுதானே?

கட்டடம் நகர்வதையும் மக்கள் நகர்வதையும் பிரித்துப் பேச வேண்டும். அமெரிக்காவின் கேப் ஹட்டெராஸ் கலங்கரை விளக்கம் 1870-ல் கட்டப்பட்டபோது கடலிலிருந்து சுமார் 450 மீட்டர் தொலைவில் இருந்தது. நூறாண்டில் அலை அதன் காலடிக்கு வந்தது. சுவரா, மணலா என்று நெடுங்காலம் வாதிட்ட பின், 1999-ல் முழுக் கோபுரத்தையும் தண்டவாளத்தில் 23 நாட்களில் சுமார் 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். இங்கிலாந்தின் மெட்மெரியில் ஆண்டுதோறும் கூழாங்கல் கரையைக் குவித்துச் சலித்தவர்கள், உள்ளே 7 கிலோமீட்டர் புதுக் கரை எழுப்பி, 2013-ல் பழையதைத் தாங்களே உடைத்துக் கடலுக்கு இடம் விட்டார்கள். இவற்றைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மக்கள் நகர்வது அத்தனை எளிதன்று. பிஜியின் வூனிடோகோலோவா ஊர் 2014-ல் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உள்ளே சென்றது. ஊராரே கேட்டு, ஊராகவே சேர்ந்து சென்றதால் அது ஓரளவு நடந்தேறியது. கடலை நம்பிப் பிழைப்பவரை பத்து கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியில் வைப்பதை இதோடு ஒப்பிட முடியாது. தொழிலுக்கு வழி, கரையில் படகும் வலையும் வைக்க உரிமை, விட்டுச்சென்ற நிலத்தில் பிறகு வேறொருவர் விடுதி கட்டமாட்டார் என்ற உறுதி ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லாத இடமாற்றத்தை மக்கள் எதிர்ப்பது நியாயமே.

17. எல்லாம் சரி, கடலோரத்தில் மனை வாங்கலாமா, கூடாதா?

கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் கட்டடம் கூடாது என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது; மத்தியதரைக் கடல் நாடுகளுக்கான 2008ஆம் ஆண்டு ஒப்பந்தம் குறைந்தது 100 மீட்டர் விடச் சொல்கிறது. சட்டம் அனுமதிக்கும் தூரம் பாதுகாப்பான தூரம் என்று பொருளில்லை. கரை ஆண்டுக்கு 2 மீட்டர் பின்வாங்கும் இடத்தில் 100 மீட்டர் என்பது ஐம்பது ஆண்டு மட்டுமே. 7ஆம் பதிலின்படி அதுவும் குறையலாம்.

வாங்குவதற்கு முன் பழைய நில வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிடுங்கள். அந்த ஊரில் முதியவர்களிடம் முன்பு கடல் எங்கே இருந்தது என்று கேளுங்கள். மணல் வரும் திசையில் துறைமுகமோ தூண்டில் வளைவோ திட்டமிடப்பட்டிருக்கிறதா என விசாரியுங்கள். பக்கத்தில் கல்சுவர் இருந்தால் மனம் நிம்மதியடைய வேண்டாம். அந்தச் சுவரின் முனை உங்கள் மனையிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து பாருங்கள். ஏன் என்பது 11ஆம் பதிலில் இருக்கிறது.